போன் வழியாக நல்ல பழக்கம்: மொரீசியஸில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சிலர் சேர்ந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை என்று அவதிப்படும் உறவினர்களுக்கும் கோவிலில் பழக்கமானவர்களுக்கும் போன் வழியாக வழிகாட்டி வருகிறோம். புதிதாகச் சேருபவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன், படித்துவிட்டு வாருங்கள்.

போன் வழியாக என்னதான் செய்வீர்கள்?

வாரம் ஒரு முறை பத்து, பதினைந்து நிமிடம் பேசுவோம், நடுவில் இரண்டு மூன்று மெசேஜ் அனுப்புவோம், அவ்வளவுதான். போன வாரம் எப்படிப் போனது என்று கேட்போம், இந்த வாரம் எந்த ஒரு விஷயத்தைச் செய்து பார்க்கலாம் என்று உங்களையே சொல்லச் சொல்வோம், அதைத்தான் வாரத்தின் நடுவில் ஞாபகப்படுத்துவோம். மருந்து சொல்ல மாட்டோம். மருந்தை நிறுத்தச் சொல்லவே மாட்டோம். ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் டாக்டர் பொறுப்பு. அரசு மருத்துவம் இந்த நாட்டில் இலவசம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் டாக்டரை ஒரு தடவை பார்த்ததற்கும் அடுத்த தடவை பார்ப்பதற்கும் நடுவில் மாதக்கணக்கில் ஓடிவிடுகிறதே, அந்த நாட்களில்தான் சமையலும் சாப்பாடும் தூக்கமும் எல்லாம் நடக்கின்றன, அப்போது கேட்க ஆள் இல்லை. அந்த இடைவெளிக்குத்தான் போன்.

மெசேஜ் வந்தால் ஆள் மாறிவிடுவாரா? நம்பவே முடியவில்லையே.

கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவரது குழுவும் தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் சர்க்கரை நோய் வரும் நிலை, ஆனால் இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் ஒரு தடவை உட்காரவைத்து உணவு, நடை பற்றி அறிவுரை சொன்னார்கள். அதன் பிறகு பாதிப் பேருக்கு மட்டும் தொடர்ந்து குறுஞ்செய்தி போனது, மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், மெசேஜ் வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது, மெசேஜ் வந்தவர்களில் 18 சதவீதம். 2013ல் இந்த முடிவு வெளியானது. நூறு பேரில் ஒன்பது பேர், அதுவும் சாதாரண குறுஞ்செய்தியால்! எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த மெசேஜ்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி போனவை கிடையாது. மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு மாதிரி, ஏற்கனவே நடக்க ஆரம்பித்துவிட்டவருக்கு வேறு மாதிரி, அவரவருக்கு வசதியான நேரத்தில் அனுப்பினார்கள். வாட்ஸாப்பில் விடியற்காலையில் வந்து விழுகிற 'ஆரோக்கியமே செல்வம்' படங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் படங்களை யார் படிக்கிறார்கள், சொல்லுங்கள். அந்த ஆராய்ச்சியில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நம் வீட்டில் சமைப்பதும், கடைசியில் மிச்சம் மீதியைச் சாப்பிடுவதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு என்ன எழுதுவது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

சிட்னியிலும் இதயநோய் வந்த 710 பேரை வைத்து இப்படிச் செய்து பார்த்தார்கள், வாரம் நான்கு மெசேஜ், ஆறு மாதம். ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன, உடற்பயிற்சி கூடியது.

மொரீசியஸில் இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்?

வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாடு இது. உங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்காருகிறவர்களை எண்ணிப் பாருங்கள், தெரியும். போதாததற்கு நம் இந்திய உடம்புக்கு வயிற்றில் கொழுப்பு சீக்கிரம் சேரும். அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவு எல்லையே வேறு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஐரோப்பிய ஆண்களுக்கு 94.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரியாது. 1987 வரை இங்கே ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில்தான். அந்த வருடம் அரசாங்கம் அதை சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்தே வருடத்தில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியது. யாருக்கும் மெசேஜ் போகவில்லை, யாரும் சபதம் எடுக்கவில்லை, கடையில் இருந்த எண்ணெய் மாறியது. எண்ணெய் மட்டுமே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய பங்கு அதற்குத்தான். அதே ஐந்து வருடத்தில் எடை கூடியவர்கள் அதிகமானார்கள், சர்க்கரை நோயும் குறையவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்று ஒருவரைத் திட்டுவதற்குப் போனைப் பயன்படுத்தக்கூடாது. கடையில் என்ன கிடைக்கிறது, பாட்டில் குளிர்பானம் என்ன விலை, நடக்க நடைபாதை இருக்கிறதா, இதெல்லாம் ஆளை விடப் பெரிய விஷயங்கள். சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு 2013லிருந்து இங்கே வரி இருக்கிறது, அது சரியான வேலை என்பது என் கருத்து. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். வீட்டுக்குள்ளே, அடுப்படியிலே மாற வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அதற்கு நாங்கள் துணை.

என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

தாராளமாக. சென்னை ஆராய்ச்சியில் பயன்பட்டது சாதாரண குறுஞ்செய்திதான். உங்களுக்குப் பேச்சுதான் வசதி என்றால் பேச்சே போதும்.

மெசேஜ் எந்த மொழியில் வரும்?

உங்களுக்கு எது வாய்க்கு வருகிறதோ அதில். வீட்டில் கிரியோல் பேசுகிற குடும்பங்கள்தான் இங்கே அதிகம், தமிழ் காதுக்குப் பழக்கம் ஆனால் எழுத்து படிக்க வராது என்பவர்களும் நிறைய. அவர்களுக்குக் குரல் பதிவாக அனுப்புகிறோம், பாதி தமிழ் பாதி கிரியோல். வயதானவர்களுக்குக் குரலில் வருவது இன்னும் பிடித்திருக்கிறது, இரண்டு மூன்று தடவை போட்டுக் கேட்கிறார்கள்.

எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னால் என்னால் முடியாது.

யாராலும் முடியாது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சிகாகோவில் 204 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2012ல் வெளியானது. நான்கு கெட்ட பழக்கமும் சேர்ந்து இருந்தவர்கள்: காய்கறி பழம் குறைவு, கொழுப்பு அதிகம், உடலசைவு குறைவு, டிவி முன்னால் உட்காருவது அதிகம். கையடக்கக் கருவியில் தினமும் குறித்து அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து வழிகாட்டி தொலைவிலிருந்தே பேசுவார். குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டே பழக்கத்தை மாற்றச் சொன்னார்கள். நன்றாகப் பலன் கொடுத்தது எது என்றால், காய்கறி பழத்தைக் கூட்டு, டிவி நேரத்தைக் குறை என்ற ஜோடி. கொழுப்பைக் குறை என்று அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை, அதுவும் தானாகக் குறைந்தது. டிவி முன்னால் உட்கார்ந்தால் கை தானாகக் கொறிக்கத் தேடும், உட்காரவில்லை என்றால் அந்தக் கொறிப்பும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். தொடக்கத்தில் மூன்று வாரம் இலக்கை எட்டியவர்களுக்குப் பணமும் கொடுத்தார்கள், ஆனால் பணம் நின்ற பிறகும் மாற்றம் பெருமளவு நிலைத்தது.

நம் அடுப்படியில் இது எப்படி இருக்கும்? மதியச் சாப்பாட்டில் சோற்றைக் குறை என்று நான் முதலில் சொல்ல மாட்டேன். ப்ரெட் புய்யோன் என்கிற கீரைச் சூப் ஒரு கிண்ணம் கூட வையுங்கள் என்பேன், முருங்கைக்கீரையோ எந்தக் கீரையோ, தெளிந்த ரசம் மாதிரி, அதை முதலில் குடியுங்கள். வயிறு பாதி நிறைந்தபின் சோறு தானாகக் குறைகிறது. சாயங்காலம் சீரியல் ஓடும் நேரத்தில் ஒரு சீரியலை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த அரை மணி நேரம் நடங்கள்.

ரோஸ் ஹில்லில் ஒரு அக்கா, வனிலா டீ பிரியை. முதல் வாரப் பேச்சில் "டீயை விடச் சொல்லாதீங்க, வேற எது வேணா சொல்லுங்க" என்றார். டீயை விட வேண்டாம் அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை, கோப்பைக்கு எத்தனை கரண்டி, அது மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஐந்து கோப்பை, மும்மூன்று கரண்டி. சொல்லிவிட்டு அவரே கணக்குப் போட்டார்: "பதினஞ்சா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, ரெண்டு கரண்டி போட்டுப் பார்க்கிறேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். புதன்கிழமை அவருக்குப் போன மெசேஜ் இது: 'அக்கா, இன்னைக்கு டீ ரெண்டு கரண்டியா? சரின்னா ஒரு பூ அனுப்புங்க.' பூ வந்தது. பிறகு சில மாதங்களில் ஒரு கரண்டிக்கு வந்துவிட்டார், மூன்று போட்ட டீயை இப்போது குடிக்க முடியவில்லையாம், திகட்டுகிறதாம்.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோடு பரவியது, ஆராய்ச்சியிலிருந்து வந்தது கிடையாது. அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட வயதான பெண்களைக் கவனித்து 2019ல் வெளியான முடிவில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களை விட மரண ஆபத்து கணிசமாகக் குறைவு. 7,500 வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் இன்றைய கணக்கு 2,000 என்றால் அடுத்த இலக்கு 3,000, பத்தாயிரம் கிடையாது.

நேரமும் முக்கியம். நியூசிலாந்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை, ஒரே தடவையாக 30 நிமிடம் நடப்பதற்குப் பதில் மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அதில் கூடுதலாகக் குறைந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் நன்றாக. கியூர்பிப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலைப் பள்ளத்தைச் சுற்றி நடப்பதும் கந்தோஸ் குன்றில் ஏறுவதும் அருமை, நானும் போவேன், ஆனால் அதற்காக ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். கியூர்பிப்பில் மழை வராத நாள் எது? வீட்டு வராண்டாவில் பத்து நிமிடம் நடந்தாலும் நடைதான்.

எத்தனை நாளில் பழக்கமாகிவிடும்? 21 நாள் என்று கேள்விப்பட்டேன்.

லண்டனில் 96 பேரைப் பார்த்ததில், பாதிப் பேருக்கு 66 நாள் வரை ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே பழகிவிட்டது, இன்னும் சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. அதே ஆராய்ச்சியில் தெரிந்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும். 21 நாளில் வரவில்லை என்று விட்டுவிட்டவர்கள் யாராவது இருந்தால், திரும்ப வாருங்கள்.

காவடி விரதம், கல்யாணம், ஏழு கறி இதெல்லாம் வந்தால் என்ன செய்வது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. செனகலில் 2014ல் ரமலான் நோன்பை ஒட்டி, நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு அரசு குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் அது ஒரு பகுதி. மக்கள் எப்படியும் கடைப்பிடிக்கப் போகும் விரதத்தையே கையில் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த வாய்ப்பு தைப்பூசக் காவடி. பத்து நாள் வீடே சைவம், குடி கிடையாது, வீட்டில் ஒருவர் விரதம் என்றால் மற்றவர்களும் பெரும்பாலும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருத்தர் மட்டும் தனியாகத் தட்டை மாற்றிக்கொண்டு உட்காரும் சங்கடம் அங்கே இல்லை. வருடத்தில் ஒரு பழக்கத்தைத் தொடங்க இதைவிட நல்ல நாட்கள் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விரதம் முடிந்து பதினோராம் நாள் காலையில் நாங்கள் கண்டிப்பாகக் கூப்பிடுவோம், ஏனென்றால் அன்றைக்குத்தான் எல்லாம் பழையபடி திரும்பும். அந்தப் பத்து நாள் பழக்கங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக வாரத்தில் இரண்டு நாள் குடி இல்லை என்று.

சைவம் என்றாலே நல்லது என்று நினைக்க வேண்டாம். வெள்ளைச் சோறு, பொரித்த வடை, பாயசம் மூன்றும் சைவம்தான். வாழையிலையில் ஏழு கறி சாப்பிடுங்கள், கறிகளை நிறைய, சோற்றை ஒரு தடவை மட்டும். கல்யாண வீட்டில் மெசேஜ் அனுப்பி யாரையும் தொந்தரவு செய்ய மாட்டோம், சந்தோஷமாக இருங்கள்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்கிறேன். நடக்கலாமா, விரதம் இருக்கலாமா?

நடக்கலாம். விரதத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், மாத்திரை அளவும் நேரமும் மாற்ற வேண்டியிருக்கலாம். இன்சுலினோ, கிளிக்ளசைடு, கிளிபன்கிளமைடு மாதிரி மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, சாப்பாடு குறைந்து நடை கூடினால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தால் மீட்டரில் பாருங்கள். 3.9 மில்லிமோலுக்குக் கீழே, மில்லிகிராம் காட்டும் மீட்டரில் 70க்குக் கீழே என்றால், உடனே மூன்று சின்னக் கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றாலும் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள், தாமதிக்காதீர்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்சுக்கு 114ஐக் கூப்பிடுங்கள். பிறகு எங்களுக்கு மெசேஜ் அனுப்பலாம்.

சிகரெட்டை நிறுத்த போன் உதவுமா?

உதவும். பிரிட்டனில் 5,800 பேரை வைத்துச் செய்ததில், ஊக்க மெசேஜ் வந்தவர்களில் 10.7 சதவீதம் பேர் ஆறு மாதம் தொடாமல் இருந்தார்கள், மற்றவர்களில் 4.9 சதவீதம். எச்சில் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்தினார்கள். பத்தில் ஒருவர்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு மடங்கு என்று பாருங்கள்.

எந்த ஆப் நல்லது?

போனிலேயே வரும் அடி எண்ணும் வசதி போதும். கலோரி கணக்குப் போடும் ஆப்களில் நான் நம்பிக்கை வைப்பதில்லை. ஒரு ஜோடி டால் பூரியும் மேலே ஊற்றும் பீன்ஸ் கறியும் சட்னியும் எவ்வளவு என்று எந்த ஆப்பும் சரியாகச் சொல்லி நான் பார்க்கவில்லை. தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அதுவே நல்ல கணக்கு. இலவச ஆப் உங்கள் பிறந்த தேதி, நோய், இருக்கும் இடம் எல்லாம் கேட்டால் யோசியுங்கள். இங்கே 2017ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு, பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் பகிரக்கூடாது. நாங்களும் குழுவில் யாருடைய சர்க்கரை எண்ணையும் போட மாட்டோம், நீங்களும் போடாதீர்கள்.

நான் லண்டனில் இருக்கிறேன், அம்மா போ பாஸனில் தனியாக இருக்கிறார். நானே போனில் பார்த்துக்கொள்ளலாமா?

பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையின் குரலுக்கு ஈடு எங்களால் கொடுக்க முடியாது. ஆனால் போன் எடுத்ததும் "சுகர் எவ்வளவு?" என்று தொடங்காதீர்கள். தினமும் அதையே கேட்டால் அம்மா உங்கள் நிம்மதிக்காக ஒரு நல்ல எண்ணைச் சொல்லிவிடுவார், உண்மை எண் நோட்டிலேயே இருக்கும். "சாயங்காலம் யாரோட நடந்தீங்கம்மா?" என்று கேளுங்கள். "இன்னைக்கு என்ன கீரை?" என்று கேளுங்கள். நீங்களும் அதே நேரத்தில் அங்கே நடந்துகொண்டே பேசுங்கள், அம்மாவும் நடக்கட்டும், பத்து நிமிடம் போவதே தெரியாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த சீட்டு வராது.

எவ்வளவு காலம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்?

முதல் மூன்று மாதம் வாரா வாரம், அப்புறம் மாதம் ஒரு முறை, அதற்கப்புறம் நீங்கள் கேட்டால் மட்டும். நடுவில் நிறுத்த வேண்டும் என்றால் 'வேண்டாம்' என்று ஒரு மெசேஜ் போதும், காரணம் கேட்க மாட்டோம். திரும்ப வர நினைத்தாலும் அப்படியே, ஒரு மெசேஜ். சேரும்போது இடுப்புச் சுற்றளவை அளந்து வையுங்கள், தையல்காரர் டேப் போதும், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்து வையுங்கள். முதல் பேச்சில் அதைத்தான் கேட்போம்.